வடித்த தண்ணீர்

கத்தரிக்காயை நறுக்கினால் உடனே தண்ணீரில் போட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் கறுத்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உருளைக்கிழங்கையும் சிலர் போடுவார்கள். கேரட், பீன்ஸ், பூசணி, கீரை என்று கையில் கிடைத்த அத்தனையையும் ஊறப் போட்ட வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில், இரண்டு மணி நேரம். பிறகு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டு, அப்புறம்தான் குழம்போ கறியோ. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாடு தட்டுக்கு வர ஒரு மணி ஆகிவிடும்.

காகிதமும் பேனாவும் கொடுத்து, "அவசரமில்ல சார், நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்று சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். நன்றி. எனக்குப் பேசி வராது, எழுதினால் கொஞ்சம் கோர்வையாக வரும். இன்று காலையிலிருந்து ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள்: "உங்க மனைவிக்கு ருசியில வித்தியாசம் தெரியலயா?" அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அது அதனுடைய இடத்தில் வரட்டும். எடுத்த எடுப்பில் சொன்னால் மற்றதை நீங்கள் மனசு வைத்துப் படிக்க மாட்டீர்கள்.

நான் முப்பத்து மூன்று வருஷம் தண்ணீர் மீட்டர் படித்தவன். வீடு வீடாகப் போய், குனிந்து, மூடியைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வேலை. பதினொரு மணிக்குமேல் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தாளிக்கிற வாசனை வரும். எந்த வீட்டில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், எந்த வீட்டில் கடமைக்கு வதக்குகிறார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். சொல்வேன் என்றால், எனக்குள் சொல்லிக்கொள்வேன். மீட்டர் படிக்கிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாய் கட்டியிருக்கிறதா என்று நான்தான் கேட்க வேண்டும்.

என் மனைவி அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள். தினம் நாற்பது சாப்பாடு, எல்லாம் சைவம். அவள் கைப்பக்குவத்தைப் பற்றிக் கேள்விப்படாத அலுவலகம் எங்கள் பக்கத்தில் கிடையாது. நான் கொண்டுபோகும் டிபன் பாக்ஸை ஒரு நாளும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டுவிடுவார்கள். எங்கள் சூப்பர்வைசர் வாயைத் துடைத்துக்கொண்டே, "மீட்டரு, உங்க வீட்டம்மா சாப்பாட்டுக்காகத்தான்யா உன்னய இந்த ஆபீஸ்ல வெச்சிருக்கோம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இருபது வருஷத்துக்குமேல் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் வீட்டில் அவளுக்கு இடம் என்று ஒன்று இருந்தது, எனக்கு நாற்காலிதான் இருந்தது. விடுமுறை நாளில் வெங்காயமாவது நறுக்கித் தரலாம் என்று போனால், "நீங்க போய் பேப்பர் படிங்க. இங்க நின்னீங்கன்னா எனக்குக் கையே ஓடாது" என்று அனுப்பிவிடுவாள். அன்பாகத்தான் சொல்வாள். திட்டியிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். சாப்பாட்டுத் தொழில் நின்றது. அடுப்பின் முன்னால் பத்து நிமிஷம் நின்றாலே அவளுக்குத் தலை சுற்றியது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தார். சின்னப் பெண்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர். அவர்தான் என்னை உட்காரவைத்துச் சொன்னார். பால், தயிர், வெண்ணெய் ஆகாது, அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. உப்பு பேருக்குத்தான். தண்ணீர் அளந்துதான். எல்லாவற்றுக்கும் மேலே பொட்டாசியம். அது எல்லாக் காய்கறியிலும் இருக்கிறது, நமக்கு நல்லது, கூடுதலாக இருந்தால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இவளுக்கு அது ரத்தத்திலேயே தங்கும். அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். "வலி, காய்ச்சல் எதுவும் காட்டாம திடீர்னு நின்னுடும் சார். அதனாலதான் காயை ஊறவெச்சு, வடிச்சு, திரும்ப வேகவெச்சு வடிக்கச் சொல்றோம். ஒரு வேளைதானேன்னு விட்டுடாதீங்க" என்றார்.

நான் விடவில்லை. இதை நீங்கள் அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே சைவம், இப்போது பாலும் இல்லாத சைவம், அதிலும் வடித்த காய். இதை வைத்துக்கொண்டு வாய்க்கு வக்கணையாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சாமர்த்தியம் வேண்டும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குவதிலேயே பாதிக் குழம்பு அடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். மல்லியை வறுத்து அப்போதைக்கப்போது அரைத்தேன். டப்பாக்களை என் கை போகிற வரிசைக்கு மாற்றினேன்: கடுகு அடுப்புக்கு வலது பக்கம், அதற்கடுத்து சீரகம், மிளகு, மஞ்சள். முதல் தடவையாக அந்த அறையில் என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. நர்ஸம்மா என்னைச் "சமையல் சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். புதிதாக யாராவது வந்தால், "சமையல் சாரைக் கேளுங்க, அவர் சொல்லுவாரு" என்று என் பக்கம் அனுப்பிவிடுவார். பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். பூசணியை எந்தக் கனத்துக்கு நறுக்க வேண்டும், கீரையை எத்தனை தண்ணீரில் வடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். முப்பத்து மூன்று வருஷம் நான் எண்களைக் குறித்துக்கொண்டு திரும்பினவன். இப்போது நான் சொல்வதை நாலு பேர் குறித்துக்கொண்டார்கள். அவள் உள்ளே படுத்திருக்கிற அந்த நாலு மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நான் நிம்மதியாக இருந்த நேரம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். தட்டை வைத்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். "வடிச்சீங்களா?" என்பாள். "வடிச்சேன்" என்பேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவாள். ஐந்து வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, நல்லா இருக்கு என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. "எப்படி இருக்கு?" என்று நானாகக் கேட்டால், "எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதாங்க, நீங்க உக்காந்து சாப்பிடுங்க" என்பாள். வேளாவேளைக்கு அந்த ஒரே கேள்வி. வடிச்சீங்களா.

வடித்த தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என்ன தோன்றியதோ, ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். கேரட்டின் இனிப்பு, கீரையின் பச்சை வாசனை, எல்லாம் அதில்தான் இருந்தது. அதற்கப்புறம் நான் அதைக் கொட்டவில்லை. தினமும் மிளகு தட்டிப் போட்டு நானே குடித்துவிடுவேன். அந்த வருஷமே எனக்கு ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது. அவளுக்குச் சக்கையும் எனக்குச் சாறும் என்று மாடி வீட்டு அக்காவிடம் ஒரு தடவை தமாஷாகச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மீட்டரைப் படித்து, சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் எழுதிவைப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவள் தங்கை ஒரு முடிவு எடுத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நல்ல திடம், மனசும் அப்படித்தான். "அக்காவுக்கு நான் ஒரு கிட்னி குடுக்கிறேன் அத்தான்" என்றாள். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார் என்று தினம் காலையில் நடந்து, இனிப்பை நிறுத்தி, பதினொரு கிலோ குறைத்தாள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, பொருந்துகிறது என்று வந்தது. மாதக் கடைசியில் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவரும் என்னையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். நானும் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கடுத்த நாள் அவள் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, தன் பழைய வரிசையில் வைத்தாள். கடுகு இடது பக்கம் போனது. "ஆபரேஷன் ஆகி மூணு மாசத்துல நானே அடுப்படிக்கு வந்துருவேன். அஞ்சு வருஷமா கெடந்து கஷ்டப்பட்டுட்டீங்க. அப்புறம் நீங்க நிம்மதியா பேப்பர் படிங்க" என்றாள். மாடி வீட்டு அக்கா வந்தபோதும், "இவருக்கு விடுதலை வந்தாச்சு" என்று சொன்னாள். அவள் தூங்கப் போனதும் டப்பாக்களை என் வரிசைக்கு மாற்றினேன். மறுநாள் அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மறுபடி மாற்றி வைத்தாள்.

டப்பா விஷயத்தை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

என் மனசில் ஓடியது வேறு. இவள் ஐந்து வருஷமாகச் சக்கையைத் தின்றுகொண்டிருக்கிறாள். ஒரு ருசி அறியாள். இவளுக்கு ஒரு வேளையாவது வாய்க்கு ருசியாக, நான் செய்யக்கூடிய அளவுக்குச் செய்து போட்டால் என்ன? அறுவைச் சிகிச்சை என்கிறார்கள். அதில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மனிதன் தன் மனைவிக்கு நல்ல சாப்பாடு போட நினைப்பது குற்றமா என்று கேட்டால், எந்த ஊரிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். காயைத் தவிர நான் எதையும் சேர்க்கவில்லை மேடம். அந்தப் பாத்திரங்களை எந்தப் பரிசோதனைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, பசலைக்கீரை, கொண்டைக்கடலை, தேங்காய்ப்பால். ஊரில் ஆரோக்கியத்துக்கு என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறார்களே, அதெல்லாம்தான்.

வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் படுத்துவிட்டு வந்தால் அடுத்தது திங்கள்தான். நடுவில் இரண்டு முழு நாள். அந்த இடைவெளியில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஆலோசகர் பெண் சொல்லியிருந்தார். நான் அந்த இரண்டு நாளைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆஸ்பத்திரி நாட்களில் நல்ல சமையலுக்கு நேரம் ஏது? தங்கையும் வேன் ஓட்டம் முடிந்து புதன்கிழமை சாயங்காலம்தான் வருவாள், எங்களோடு சாப்பிடுவாள். அன்றைக்கு ஒழுங்காக வடித்துவிடுவேன்.

முதல் சனிக்கிழமை தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கறி வைத்தேன். ஊறவைக்கவில்லை, வடிக்கவில்லை. தட்டை வைத்தேன். "வடிச்சீங்களா?" என்றாள். வடித்தேன் என்றேன். சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கீரையும் கடலையும். திங்கட்கிழமை கொஞ்சம் சோர்வாக இருந்தாள், நடந்து வந்து வண்டியில் ஏறினாள். ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் எனக்கு ஏன் அத்தனை எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

இரண்டாவது வாரக் கடைசிக்கு அப்புறம் வந்த திங்கட்கிழமை, நர்ஸம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தார். "என்னம்மா இது, பொட்டாசியம் இவ்ளோ ஏறியிருக்கு? என்ன சாப்பிட்டீங்க? யாராச்சும் எளநீர், பழம் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவியே பதில் சொல்லிவிட்டாள். "அவர் பாத்துப் பாத்துதான் சிஸ்டர் செய்றாரு. அவரைச் சொல்லாதீங்க. இவரை மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க." பிறகு குரல் இறங்கிவிட்டது. "மாடி வீட்டு அக்கா திராட்சை கொண்டுவந்தாங்க. ஆசையா இருந்துச்சுன்னு இல்ல, மறுக்கக் கூடாதேன்னு ரெண்டே ரெண்டு வாயில போட்டேன்."

நர்ஸம்மா கோபித்துக்கொண்டார். ஆபரேஷன் வரைக்கும் வாயைக் கட்டவில்லை என்றால் தேதியே தள்ளிப்போய்விடும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். "ரெண்டு திராட்சைக்கு இப்படி ஆகுமாங்க? தங்கச்சி எவ்ளோ கஷ்டப்பட்டு ஒடம்பக் கொறைச்சா, நான் கெடுத்துட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடு, இனிமே ஜாக்கிரதையா இருப்போம்" என்றேன். அந்த வாரம் முழுவதும் திங்களிலிருந்து வெள்ளி வரை மூன்று தண்ணீரில் வடித்தேன். அவளுக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மாடி வீட்டு அக்காவை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை செய்த கறியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, மசித்து, எண்ணெய் பிரியும் வரை சுருள வதக்கினேன். உருளைக்கிழங்கை அந்தச் சாறிலேயே வேகவிட்டேன். பசலைக்கீரையை அரிந்து கடைசியில் போட்டு, மூடி, அடுப்பை அணைத்தேன். கெட்டித் தேங்காய்ப்பாலை அந்தச் சூட்டிலேயே ஊற்றினேன். வாசனை மாடி வரைக்கும் போயிருக்கும். என் மனைவி நாற்பது பேருக்குச் சமைத்த நாட்களில்கூட இப்படி ஒன்று அந்த அடுப்பில் இறங்கியதில்லை. நான் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டேன். அவளுக்கும் இரண்டாம் முறை போட்டேன். போதும் என்று கையை மறித்தாள். "நாளைக்கு நாலு மணி நேரம் படுக்கணும், தெம்பு வேண்டாமா" என்று சொல்லிப் போட்டேன். மீதியை டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தேன். அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, காலு கல்லு மாதிரி இருக்குங்க. தூக்கவே வரல. கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கடுகு வெடிக்கும்போது அடுப்பை விட்டு வர முடியாது, கருகிவிடும். அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அணைத்தால் தாளிப்பு கெட்டுவிடும். வெங்காயத்தைப் போட்டேன். சின்னத் தீயில் பொன்னிறமாக ஏழு நிமிஷம் ஆகும். நடுவில் இன்னொரு தடவை கூப்பிட்டாள், குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. வெங்காயம் நன்றாக வந்திருந்தது. அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஒரு செருப்பு காலில் இருந்தது. இன்னொன்று கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. இந்த நோயாளிகளுக்கு இப்படி ஆவதுண்டு, வாரக் கடைசி இடைவெளி பொல்லாதது என்று டாக்டர் என் தோளில் தட்டினார். நர்ஸம்மா அழுதார். நோட்டுப் புத்தகப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாங்க யாரைக் கேப்போம் சமையல் சார்?" என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எல்லாம் முடிந்து நாலாவது நாள் மதியம் தங்கை வந்தாள். அக்காவின் ஆஸ்பத்திரிக் கோப்பைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போக வந்தவள், அதை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வீட்டுக்கு வந்தவளை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? ஃப்ரீசரிலிருந்து அந்த டப்பாவை எடுத்துச் சூடு பண்ணி, சோறு வைத்துக் கொடுத்தேன்.

முதலில் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு அழுகை நின்றது. பசி எடுத்திருக்கும். தட்டை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாள். "ரொம்ப நல்லா இருக்கு அத்தான்" என்றாள். ஐந்து வருஷம். அந்த ஐந்து வார்த்தை காதில் விழ எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. எண்ணிப் பார்த்தால் நாலு வார்த்தைதான், பரவாயில்லை.

நான் கரண்டியோடு நின்றேன். அவள் கடைசி வாயை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். இந்த வீட்டின் வடித்த காய்ச் சாப்பாட்டை அவள் ஐந்து வருஷமாகப் புதன்கிழமைதோறும் சாப்பிட்டிருக்கிறாள். இங்கே ஒரே பானைச் சமையல்தான், எனக்கென்று தனியாக எதுவும் செய்துகொண்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இது எப்ப செஞ்சது அத்தான்?"

"ஞாயித்துக்கிழமை."

"யாருக்கு?"

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அப்போதுதான் இரண்டாம் முறை தட்டை நீட்டியிருந்தாள். அந்த நேரத்தில் இன்னொருவர் சமையல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உங்க அக்காவுக்குத்தான்" என்றேன்.

அவள் எழுந்து போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். பிறகு நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் வந்து காலண்டரைப் பார்த்தீர்கள். ஊறவைக்க, கழுவ, இரண்டு தடவை வேகவைக்க என்று எங்கள் வீட்டில் தினமும் ஓடின தண்ணீர், மூன்று சனிக்கிழமையும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நாளுக்கு இருபது லிட்டர் குறைந்திருந்தது. என் கையெழுத்தில்தான் இருந்தது. தப்பாக எழுத எனக்குத் தோன்றவே இல்லை. மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். அது என் தொழில்.

இனி உங்கள் கேள்வி.

ருசியில் வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கோப்பில் முதல் வருஷத்துச் சீட்டிலேயே எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். நான் சமைக்க ஆரம்பிக்கும்போதே அவளுக்கு நாக்கில் ருசி போய்விட்டது. எந்நேரமும் வாயில் இரும்பைப் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு உப்பையும் சர்க்கரையையும் மாற்றி மாற்றித் தொட்டு வைத்துப் பார்த்தாள். எது எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. நாற்பது பேருக்குச் சமைத்த நாக்கு. அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இந்த நோயில் இப்படி ஆகும், மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தேதி கொடுத்த அன்று வண்டியில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நாக்கு சரியானதும் மொதல்ல உங்க கையால ஒரு கறி சாப்பிடணுங்க. அஞ்சு வருஷமா நீங்க என்ன போடறீங்கன்னே எனக்குத் தெரியல" என்றாள்.

என் சமையலை அவள் ருசித்ததே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வேளையும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள அவளுக்கு என் வாய் வார்த்தையைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். "வடிச்சீங்களா?"

"வடிச்சேன். நீ சாப்பிடு" என்றேன்.